எழுபத்தொரு சதவீதம்

அத்தியாயம் 14

போன வாரம், ஒரு வழியாக, அம்மா போன் பேசிவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் அது சின்னக் காரியமில்லை. பையனுக்குப் பெண் கேட்க வேண்டுமென்றால் பையனின் அம்மாதான் பெண்ணின் அம்மாவைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, "உங்க வீட்டுக் காபி குடிக்கணும்னு ஆசையா இருக்கு" என்று மட்டும் சொல்ல வேண்டும். மற்றது அவர்களுக்கே புரியும். அந்தப் போனில் அப்பா பேசக் கூடாது. பையன் வாயே திறக்கக் கூடாது. வாயாடித் தங்கை ரூபா, அதாவது நான், அந்தப் பக்கமே தலை காட்டக் கூடாது.

வியாழக்கிழமை மதியம் அம்மா பேசினாள். பெய்ரூட்டுக்குத் தெற்கே சைதா ஊரில் பெண் லமீஸின் அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "வீட்டுக்காரரைக் கேட்டுட்டு இன்னிக்குச் சாயங்காலமே சொல்றேன், உம் நிஸார்" என்றார்கள். அம்மாவை மூத்த பிள்ளையின் பெயரோடு உம் என்றும் அப்பாவை அபு என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம்.

சாயங்காலம் பதில் வரவில்லை. வெள்ளியும் போயிற்று, சனியும் போயிற்று.

இன்று ஞாயிறு. என் அண்ணன் நிஸார் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். இன்று மாலை கப்பல் போர்ட் சைத் துறைமுகம் பக்கம் வரும், சிக்னல் கிடைக்கும், கூப்பிடுவான். "நான் கூப்பிடறப்போ பதில் உன் கையில இருக்கணும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். இரண்டு வருஷமாக அவனுக்கு லமீஸைத் தவிர வேறு நினைப்பில்லை. பெண் வீட்டார் பதில் சொல்லாமல் விட்டால் அதற்கு இல்லை என்று அர்த்தம். ஒருதரம் இல்லை என்று ஆகிவிட்டால் மறுபடி போய்க் கேட்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

அதனால் அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நான் திரிபோலியை ஒட்டிய எங்கள் ஊர் மீனாவின் கடற்கரைச் சாலையில் ஒரு போன் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கொண்டுவருவார்கள். சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது. நானும் அதே பாட்டைப் பாடுவேன். வெளிச்சத்தைக் குறைங்க, இடம் காட்டறதை அணைங்க, வெயில்ல வெக்காதீங்க, பின்னாடி ஓடறதை நிறுத்துங்க. ஊருக்கெல்லாம் சொல்லுகிற எனக்கு என் வீட்டுப் போனைத் தொட அனுமதியில்லை. அம்மா கொடுக்க மாட்டாள். பெரியம்மாவோடு என்னைப் பற்றிப் பேசுவதெல்லாம் அதில் இருக்கிறது.

இன்று கடை ஒரு மணியோடு சரி. என் போனைக் கடை இன்வெர்ட்டரில் சொருகியதை மறந்துவிட்டு வந்துவிட்டேன். முதலாளி பூட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார். போகட்டும், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நாலு மாடி ஏறினேன்.

அம்மா சமையலறையில், உள்ளே அரிசி அடைப்பதற்காகக் கத்தரிக்காய் குடைந்துகொண்டிருந்தாள். எதிரே அலமாரியில் அவள் போன், கீழே ஒரு சின்ன லேஸ் துணி போட்டு. அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"எனக்குப் பசிக்கல. அவங்களுக்கு நம்ம வீடு வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டுப் போகலாம். இப்படி வாயை மூடிக்கிட்டு இருக்கறது என்ன மரியாதை?"

அப்பா மட்டும் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அவரைப் பற்றிப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் தவ்ஃபீக். முப்பத்துநாலு வருஷம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கு எடுத்தவர். இப்போது அரசாங்கக் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, தெரு ஜெனரேட்டர்காரன் கொடுக்கிற ஐந்து ஆம்பியரில்தான் எங்கள் ஜீவனம். துணி துவைக்கிற மெஷின் ஓடினால் ஃபிரிட்ஜ் தூங்க வேண்டும். தண்ணீர் சூடானால் டிவி தூங்க வேண்டும். யாராவது மறந்து கரண்ட் கெட்டிலைப் போட்டுவிட்டால் டப்பென்று எல்லாம் போகும், அப்பா நாலு மாடி இறங்கிப் போய் சுவிட்சை ஏற்றிவிட்டு நாலு மாடி திட்டிக்கொண்டே ஏறுவார்.

"பாத்தியா?" என்று அலமாரியைக் காட்டினார். "வியாழக்கிழமை நூறு. இன்னிக்கு ஞாயிறு மத்தியானம். எழுபத்தொண்ணு. உன் கடையில இப்படி ஒரு பேட்டரி வித்திருக்கியா நீ?"

ரொட்டியைப் பிய்த்த கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது.

நாலு வருஷப் பழைய போன். சாதாரணமாக ஒரு ராத்திரி தாங்காது. அதில் பெரியம்மாக்களும் அத்தைகளும் பொழுது விடிந்தால் ரோஜாப்பூ அனுப்புவார்கள், பொழுது போனால் நிலா அனுப்புவார்கள். அந்தப் போன் மூன்று நாளில் இருபத்தொன்பதுதான் செலவழித்திருக்கிறது என்றால், அது வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

"அப்பா, என்ன பண்ணீங்க?"

"வீட்டுக்கு என்ன பண்றேனோ அதைத்தான். வியாழக்கிழமை ஜெனரேட்டர்காரன் நோட்டீஸ் ஒட்டினானே, பன்னெண்டுலேருந்து அஞ்சு வரைக்கும் ஓய்வுன்னு. சரி, முக்கியமான கால் வர்ற நேரத்துல இவ போன் செத்துப்போயிடக் கூடாதேன்னு உள்ள போய்ப் பாத்தேன். அடேயப்பா, என்னென்னவோ பின்னாடி ஓடிக்கிட்டிருக்கு. ஒவ்வொண்ணா தூங்க வெச்சேன்."

"வாட்ஸ்அப்பையுமா?"

"அதுதான் எல்லாத்தையும் விட அதிகமா தின்னுது. முதல்ல அதைத்தான் வெச்சேன்."

அம்மாவின் கத்தி நின்றது. "தூங்க வெச்சா என்ன ஆகும்?"

"நாமளா போய்த் திறக்கற வரைக்கும் எதுவும் உள்ள வராதும்மா. யாரு கூப்பிட்டாலும் சத்தம் கேக்காது" என்றேன்.

"அடிச்சுதேடி. காலையில ரொட்டி வாங்கிட்டு நீ கீழேருந்து மிஸ்டு கால் கொடுத்தே, ரெண்டு தடவை அடிச்சுது, நான் கூடையைக் கயித்துல இறக்கினேன். அடிச்சுதே."

"அது சாதாரண கால், காசு பிடிக்கும். அதுல யாரும்மா பேசறாங்க? கூடை இறக்கச் சொல்றதுக்கு மட்டும்தான் நாம அதை வெச்சிருக்கோம். நீ வாட்ஸ்அப்பைத் திறந்தே பாக்கலையா?"

"மூணு நாளா அதைத் தொடவேயில்ல. சார்ஜ் போயிடும்னு."

சொல்லிவிட்டு அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். போனை எடுத்தாள். வாழ்நாளில் முதல்தடவையாக என்னிடம் நீட்டினாள்.

நான் திறந்தேன். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி ஆரம்பித்தது. இருநூற்றுப் பதினாலு செய்தி. ரோஜா, நிலா, தேநீர்க் கோப்பை, பெரியம்மாவின் முட்டிவலி. எல்லாவற்றுக்கும் நடுவில் லமீஸின் அம்மா. வியாழன் மாலை ஆறு மணிக்கு ஒரு குரல் பதிவு. வெள்ளியன்று இரண்டு தவறிய அழைப்பு. சனிக்கிழமை வெறும் "நலம்தானே?" இன்று காலை ஏழு பத்துக்கு ஒன்று, ஆனால் அனுப்பிவிட்டு அழித்திருக்கிறார்கள்.

குரல் பதிவைப் போட்டேன்.

"உம் நிஸார், வீட்டுக்காரருக்கு ரொம்ப சந்தோஷம். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு உங்களுக்காகக் காத்திருக்கோம். எல்லாரும் வாங்க."

அம்மா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று இருபத்தைந்து. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் இங்கிருந்து சைதாவுக்கு மூன்று மணி நேரம் ஆகும்.

"நான் வேணா பேசி..." என்று அப்பா ஆரம்பித்தார்.

"நீங்க பேச வேண்டாம். நீங்க போய்க் காரை எடுங்க."

அப்பா இறங்கினார். எனக்குப் பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது, ஆனால் பாவம்தான் ஒரு பிடி அதிகம்.

"போன் தண்ணில விழுந்துடுச்சுன்னு சொல்லும்மா" என்றேன். "எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்க. வீட்டு மானமும் போகாது."

அம்மா யோசித்தாள். அவளுக்கு மானம் பெரிது. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், எங்க வீட்டு ஆம்பளை இப்படி ஒரு காரியம் செய்தார் என்று எப்படிச் சொல்வாள்? விரல் போன் மேலேயே நின்றது. அப்புறம் அழுத்தினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள். "சொல்லுங்க" என்ற குரலில் தயவு தாட்சண்யமே இல்லை.

"உம் லமீஸ், என் வீட்டுக்காரர் சார்ஜை மிச்சம் பிடிக்கறேன்னு என் போனை வியாழக்கிழமையிலேருந்து தூங்க வெச்சிட்டார். நீங்க சொன்னதை நான் இப்பத்தான் கேட்டேன். இந்த நிமிஷம். இது சத்தியம். நாங்க கிளம்பறோம். வர வேண்டாம்னு நீங்க சொன்னாலும் வாசல் வரைக்கும் வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறோம்."

அந்தப் பக்கம் வாணலியை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது.

"எங்க தெரு ஜெனரேட்டர் காலையிலேருந்து பழுது" என்றார்கள் கடைசியில். "என் போன்லயும் ரெண்டுதான் இருக்கு. நீளமா பேச முடியாது. காபிக்கொட்டை வறுத்து வெச்சிருக்கேன், வாங்க."

கட்டாயிற்று. அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே, "என் பச்சை கவுனுக்கு இஸ்திரி போடு" என்றாள். கரண்ட் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையாலேயே நீவிக் கொடுத்தேன்.

திரிபோலி கடைத்தெருவில் ஒரு தட்டுப் பாலாடைக்கட்டி இனிப்பு வாங்கிக்கொண்டோம். அப்பா ஓட்ட, அம்மா பக்கத்தில், மடியில் தட்டோடு நான் பின்னால். அம்மாவின் போனில் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டேன். முழு வெளிச்சம், முழுச் சத்தம், எதையும் தூங்க விடவில்லை. இனி ஒரு ரோஜாப்பூகூடத் தப்பக் கூடாது.

அம்மா அந்தக் குரல் பதிவை ஒன்பது தடவை போட்டுக் கேட்டாள். பெரியம்மாவை முகம் பார்த்துக் கூப்பிட்டு முழுக் கதையும் சொன்னாள். பெய்ரூட் வரும்போது சார்ஜ் ஐம்பத்திரண்டு.

"வெளிச்சத்தையாவது கொஞ்சம் குறை" என்றார் அப்பா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க பேசாதீங்க."

"பேசல."

இரண்டாவது பெரியம்மாவிடம் கதை போனது. முப்பத்தேழு. காரில் சார்ஜ் போடுகிற துளை எப்போதோ கெட்டுப்போயிருந்தது. அப்பாவிடம் இருப்பதோ பொத்தான் போன். ஒருதரம் போட்டால் வாரம் முழுக்க வரும், முகம் மட்டும் தெரியாது. சைதாவுக்கு முந்தின தாமூரில் இருபத்தெட்டு. யாரோ தன் கையிலிருந்து ரத்தம் எடுக்கிற மாதிரி அப்பா முகத்தைச் சுளித்தார்.

"அப்பா, உங்க பவர்பேங்க் எங்க?" என்று கேட்டேன்.

அவரிடம் ஒன்று உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் வாங்கியது. மாதம் ஒருதரம் முழுசாக ஏற்றி, கைக்குட்டையில் சுற்றி வைப்பார். யாருக்கும் கொடுத்ததில்லை. கேட்டால், "கஷ்டகாலத்துக்கு இருக்கட்டும்" என்பார்.

"அவருக்கு மட்டும் கஷ்டகாலம் இன்னும் வரல" என்றாள் அம்மா. "நமக்கெல்லாம் எத்தனையோ வந்து போயிடுச்சு."

அப்பா ஒரு கையால் கோட்டைச் சரிசெய்துகொண்டு வண்டியை ஓட்டினார். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சைதாவில் அவர்கள் வாசலில் நின்றோம். போனில் எட்டுதான் மிச்சம். லமீஸின் அப்பா கதவைத் திறந்தார். பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார், மீசைக்குள் சிரிக்கிற மனிதர்.

"அபு நிஸார்தானே?" என்று அப்பாவின் கையைப் பிடித்தார். "போனைத் தூங்க வெச்சவர்."

அப்பாவின் காது சிவந்தது. லமீஸின் அப்பா பிடித்த கையை விடவில்லை. "எங்க வீட்டுல என் சம்சாரம் என்னைத்தான் ஆஃப் பண்ணி வெக்கறா. வாங்க, வாங்க."

அவ்வளவுதான். அம்மா மூச்சு விட்டதைப் பின்னால் நின்ற நான் கேட்டேன்.

கூடத்தில் ஜன்னலெல்லாம் திறந்திருந்தது, கடல் வெளிச்சம் உள்ளே இருந்தது. லமீஸ் காபி கொண்டுவந்தாள். அழகுதான், ஆனால் கண் வீங்கியிருந்தது. அப்பா கோப்பையை வாங்கினார், குடிக்காமல் மேஜைமேல் வைத்தார். கேட்க வந்ததற்குப் பதில் கிடைக்கிற வரைக்கும் அவர் குடிக்கக் கூடாது. எல்லாரும் அந்தக் கோப்பையையே பார்த்தோம்.

அப்பா தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் அலறியது.

நிஸார். போர்ட் சைத் வெயிலில், எண்ணெய்ச் சட்டையோடு, திரை முழுக்க. "அம்மா, என்ன ஆச்சு? எங்க இருக்கே? அது யாரு பின்னாடி?"

"வாயை மூடிக்கிட்டு பாருடா" என்று போனைக் காபி ஜாடி மேல் சாய்த்து வைத்தாள் அம்மா. திரையில் நிஸார் வெளுத்துப்போய் உட்கார்ந்தான். மூலையில் மூன்று சதவீதம் சிவப்பாக இருந்தது.

"போயிடும்" என்றேன் நான், மெதுவாக. இந்த வீட்டில் முகம் காட்டுகிற வேறு போன் எதிலும் உயிரில்லை. என் போன் மீனாவில் பூட்டிக் கிடக்கிறது.

அப்பா கோட்டின் உள்பையில் கையை விட்டார். கைக்குட்டை வந்தது. நாலு மடிப்பைப் பிரித்தார். பவர்பேங்க் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தது, மேலே ஒட்டிய தாளைக்கூட அவர் கிழிக்கவில்லை.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "கஷ்டகாலத்துக்குன்னு வெச்சிருந்தீங்களே?"

"நல்ல காலத்துக்குன்னு ஒண்ணு வாங்கி வெக்கலையே ஹியாம்" என்று அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் அப்பா. "இதுதான் இருக்கு."

சொருகினார். விளக்கு எரிந்தது. அப்புறம் லமீஸின் அப்பாவைப் பார்த்து, ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, "எங்க பையன் நல்லவன். உங்க பொண்ணைக் கேக்க வந்திருக்கோம்" என்றார்.

"கேட்டதுக்குப் பெருமைப்படறோம்" என்றார் அவர். "காபி ஆறுது, அபு நிஸார். குடிங்க."

அப்பா ஒரே மடக்கில் குடித்தார். லமீஸின் அம்மா குலவையிட்டார்கள். அது ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய், எதிர்வீட்டுக்காரி யாரோ பதில் குலவை போட்டாள். போனில் நிஸார் அழுதான். அம்மா அவனைத் திட்டினாள். இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய நாளெல்லாம் போகட்டும், இதுதான் எனக்குப் பிடித்த நாள்.

காலிக் கோப்பைகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். லமீஸ் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"இன்னிக்குக் காலையில உங்கம்மாவுக்கு வந்த செய்தி, அழிச்சிருந்ததே."

"ஆமா?"

"எங்கம்மா எழுதல. அவங்க போனை எடுத்து நான்தான் எழுதினேன். மூணு நாளா எங்கம்மா உங்க போனுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எனக்கு வயிறெரிஞ்சுது. இனிமே உங்க சங்காத்தமே வேண்டாம், எங்க வாசல்ல கால் வெக்காதீங்கன்னு எழுதினேன். அனுப்பி அரைமணியில பயம் வந்து அழிச்சிட்டேன். உங்கம்மா போன் முழிச்சிருந்திருந்தா படிச்சிருப்பாங்க ரூபா."

படித்திருந்தால் அம்மா செத்தாலும் இந்த வாசலுக்கு வந்திருக்க மாட்டாள். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். எழுபத்தொரு சதவீதம் எங்கள் வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னால் ஆயுசுக்கும் எங்களை வாழ விட மாட்டார்.

"சரி விடு. அழிச்சாச்சே."

லமீஸ் நகர்ந்த மாதிரி தெரியவில்லை. "நிஸாருக்கும் அனுப்பினேன். என் போன்லேருந்து. அதையேதான், இன்னும் மோசமா. அதுல இன்னொரு விஷயமும் எழுதியிருக்கேன், உன்கிட்ட இப்போ சொல்ல முடியாது. அவனுக்குச் சிக்னல் இல்லாததால ஒரு டிக்குதான் விழுந்துச்சு. அழிக்கலாமா வேண்டாமான்னு அந்த டிக்கையே முழு வெளிச்சத்துல பாத்துக்கிட்டிருந்தேன். பன்னெண்டு மணிக்கு போன் செத்துப்போச்சு."

"அய்யோ."

"இப்போ அவனுக்குச் சிக்னல் வந்துடுச்சே ரூபா."

கூடத்திலிருந்து நிஸாரின் குரல் கேட்டது. "அம்மா, லமீஸ்கிட்டேருந்து ஏதோ வந்திருக்கு. வெச்சிட்டு அதைப் பாத்துட்டுக் கூப்பிடட்டுமா?"

"அப்புறம் பாருடா" என்றாள் அம்மா. "உன் மாமனார் ஏதோ கேக்கணுங்கறார். பேசு முதல்ல."

லமீஸ் தன் போனை என் கையில் வைத்தாள். கறுப்புத் திரை. கொஞ்சம் சார்ஜ் ஏற்றி, திறந்து, அழிக்க வேண்டும், எப்படியும் பத்து நிமிஷம். அதுவரைக்கும் அவனைப் பேச்சிலேயே பிடித்து வைக்க வேண்டும். இந்த வீட்டில் உயிர் இருக்கிற பொருள் அப்பாவின் பவர்பேங்க் ஒன்றுதான். அதில் ஒரே ஒரு துளைதான்.

கூடத்துக்கு வந்தேன். அப்பாவின் காதில் குனிந்தேன்.

"அப்பா, ஏன்னு கேக்காதீங்க. இந்த ஒயரை நான் இப்போ பிடுங்கப் போறேன். பத்து நிமிஷத்துக்கு அம்மா போன் சாகக் கூடாது. பேச்சும் அறுந்துபோகக் கூடாது."

அப்பா என்னைப் பார்த்தார். கதவோரம் நின்ற லமீஸைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, காபி ஜாடியிலிருந்து போனை மெல்லத் தன் பக்கம் திருப்பினார்.

"எத்தனை இருக்கு?"

"ஆறு."

"ஆறா?" என்றபடி வெளிச்சத்தைக் குறைக்க ஆரம்பித்தார் அப்பா. "தாராளம்."